மைலோமா நோயாளிக்கு மார்ஃபின் தொடங்கத் தயங்குகிறோம்: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

கேள்வி: தங்கச்சிமடம் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 64. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வடகடலிலும் தென்கடலிலும் மீன்பிடித் தொழில் செய்தவர். சென்ற ஆண்டு ஜூன் மாதம் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் வாரத்திலேயே, வலை இழுக்கும்போது முதுகில் ஏதோ விட்டுப்போனது போல் இருந்தது என்று சொல்லிக் கரை திரும்பினார். பாரம் இழுத்ததால் வந்த பிடிப்பு என்றே இரண்டு மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். எண்ணெய் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம், பக்கத்தில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டோம். ஊசி போட்ட நாளில் எழுந்து நடப்பார். மறுநாள் மீண்டும் படுத்துவிடுவார். அப்படிப் பத்துப் பன்னிரண்டு ஊசிகள் ஆன பிறகு இரு கால்களும் வீங்கின. மதுரைக்கு அழைத்துச் சென்றபோதுதான் இரத்தச்சோகையும், சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் 3.1 வரை ஏறியிருந்ததும், முதுகில் இரண்டு முள்ளெலும்புகள் நொறுங்கியிருப்பதும் தெரியவந்தன. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்குப் பிறகு இது மல்டிபிள் மைலோமா என்னும் இரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை நடக்கிறது. வாரம் ஒருமுறை போர்ட்டிசோமிப் ஊசி, டெக்ஸாமெத்தசோன் மாத்திரை, இடையிடையே எலும்புக்கான மருந்து. கிரியேட்டினின் 1.9-க்கு இறங்கிவிட்டது, இரத்தத்தில் இருந்த நோய்ப்புரதமும் குறைந்து வருகிறது என்று மருத்துவர் மகிழ்ச்சியோடு சொன்னார். ஆனால் வீட்டில் நாங்கள் காணும் அப்பா வேறு. இரவில் புரண்டு படுக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஞாயிறு திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிட்டார். கிழிந்த வலையைத் திண்ணையில் வைத்துப் பொத்திக் கொடுப்பதாவது முடியும் என்று நினைத்தார். கால் மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. பேரப்பிள்ளை மடியில் ஏற வந்தால் கையை நீட்டித் தடுக்கிறார்.

சென்ற முறை மருத்துவர், மார்ஃபின் வகை மருந்தைச் சிறிய அளவில் தொடங்கலாம் என்றார். அப்பா மறுத்துவிட்டார். என் பெரியப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தபோது கடைசி மூன்று நாட்கள் மார்ஃபின் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சாவுக்கு முன்னால் கொடுக்கும் மருந்து என்றே பெயர் பெற்றுவிட்டது. அம்மாவுக்கு அவர் போதைக்கு அடிமையாகிவிடுவாரோ என்ற பயம். எனக்கோ, இப்போதே கொடுத்துவிட்டால் பின்னால் வலி முற்றும்போது கொடுக்க எதுவும் இருக்காதே என்ற கவலை. மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால் வலி சுமாராக இருக்கிறது என்று அப்பா சொல்லிவிடுவதால், அவர்களும் வற்புறுத்துவதில்லை.

இந்த மருந்து ஆயுளைக் குறைக்குமா, அவரை எப்போதும் மயங்கிக் கிடக்கச் செய்துவிடுமா, வேறு வழி ஏதும் உண்டா என்று இதை அருகிலிருந்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: ஆதரவுச் சிகிச்சைச் செவிலி, இராமநாதபுரம்

அன்புத் தங்கைக்கு, புற்றுநோயாளிகளுக்கான வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். உங்கள் கடிதத்தில் என் மனத்தை உறுத்திய இடம் மார்ஃபின் பற்றிய பகுதி இல்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு டைக்ளோஃபெனாக் ஊசிகள்தான். மைலோமாவில், மஜ்ஜையில் பெருகும் பிளாஸ்மா செல்கள் உண்டாக்கும் புரதத்தின் துண்டுகள் சிறுநீரகக் குழாய்களில் படிந்து அவற்றை அடைக்கின்றன. ஏற்கெனவே அடைபட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சிறுநீரகத்துக்கு வரும் இரத்த ஓட்டத்தையும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் போன்றவை குறைத்துவிடுகின்றன. யாரும் பயப்படாமல், சீட்டுக்கூட இல்லாமல் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை உங்கள் தந்தைக்குத் தீங்கானது. ஊரே பயப்படும் மருந்து, அளவறிந்து கொடுத்தால், அவருக்குப் பாதுகாப்பானது. இந்த நோயில் அச்சம் தவறான இடத்தில் போய் உட்கார்ந்திருப்பதை நான் வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். இனி யார் எந்த வலி ஊசியை எடுத்தாலும், மைலோமா, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் முதலில் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வலிக்கு ஏற்றபடி சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. உங்கள் பெரியப்பாவுக்குக் கடைசி மூன்று நாட்களில்தான் அது கிடைத்தது என்றால், அவர் அதற்கு முன்பு பல வாரங்கள் அது இல்லாமல் வலியில் கிடந்திருப்பார் என்பதே என் எண்ணம். சாவின் அருகில் மட்டுமே கொடுக்கப்பட்டதால் அது சாவோடு சேர்த்து நினைக்கப்படுகிறது. கையிருப்பு தீர்ந்துவிடும் என்ற உங்கள் கவலைக்கும் இடமில்லை: இந்த வகை மருந்துக்குப் பாராசிட்டமால் போல இவ்வளவுதான் என்ற உச்ச வரம்பு கிடையாது, வலி கூடினால் மருத்துவர் அளவைக் கூட்ட முடியும். அடிமையாதல் என்பது வலி தீர்ந்த பின்னும், கெடுதல் என்று தெரிந்த பின்னும் மருந்தையே தேடி அலைவது. வலிக்காக நேரப்படி சாப்பிடுபவர்களிடம் அதை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். உடல் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்வது வேறு. அது எல்லோருக்கும் நடக்கும், அதனால்தான் ஒருநாளில் நிறுத்தாமல் மெல்லக் குறைக்க வேண்டும்.

உங்கள் தந்தையின் விஷயத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கல்லீரல் மார்ஃபினை மாற்றி உண்டாக்கும் பொருட்கள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அவை உடலில் தேங்கி, அளவுக்கு மீறிய தூக்கம், குழப்பம், கைகால் திடீரென்று துள்ளுதல் ஆகியவற்றை உண்டாக்கும். டிரமடாலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆகவே கிரியேட்டினின் 1.9 உள்ளவருக்கு அளவைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டிக் கொடுப்பார்கள். அல்லது சிறுநீரகத்தை அவ்வளவாகச் சார்ந்திராத புப்ரெநார்ஃபின், ஃபென்டனில் ஆகியவற்றைத் தோலில் ஒட்டும் பட்டையாகத் தருவார்கள். இதில் ஃபென்டனில் பட்டையை இதுவரை இந்த வகை மருந்தே எடுக்காதவருக்கு முதல் மருந்தாக ஒட்டக்கூடாது. எது அவருக்குப் பொருந்தும் என்று கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளோடு போய்க் கேளுங்கள்.

முதல் மூன்று நான்கு நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும். பெரும்பாலும் தாமாக அடங்கிவிடும். அடங்காதது மலச்சிக்கல். மருந்து தொடங்கும் அன்றே, சிக்கல் வரும்வரை காத்திருக்காமல், மலமிளக்கியும் தொடங்க வேண்டும். வாழைப்பழமும் கீரையும் மட்டும் போதாது. மலச்சிக்கலால் நொந்துபோய் நல்ல வலி மருந்தைக் கைவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் மைலோமாவில் மலச்சிக்கலோடு அடங்காத தாகமும், அடிக்கடி சிறுநீரும், பேச்சில் குழப்பமும் சேர்ந்தால் அது மார்ஃபினின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். எலும்பு கரைந்து இரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம், உடனே பரிசோதிக்க வேண்டும். கால்கள் திடீரெனத் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், மறுநாள் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். தண்டுவடம் அழுந்தும்போது சில மணி நேரத் தாமதம்கூட நடையைப் பறித்துவிடும்.

வேறு வழி உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். எலும்பின் குறிப்பிட்ட ஓரிடத்தில்தான் வலி என்றால் அந்த இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கலாம். பல நோயாளிகளுக்கு 8 கிரே அளவில் ஒரே ஒரு முறை கொடுப்பதே போதும். அதன் பலன் தெரிய ஓரிரு வாரங்கள் ஆகலாம். நொறுங்கிய முள்ளெலும்புக்குள் சிமெண்ட் செலுத்தும் முறை சிலருக்குப் பொருந்தும். பாதங்களில் எரிச்சலோ, முள் குத்துவது போன்ற உணர்வோ இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது எலும்பு வலி இல்லை, போர்ட்டிசோமிப் நரம்பைத் தொட்டதன் அடையாளம். மருத்துவரிடம் சொன்னால் அந்த மருந்தின் அளவை மாற்றுவார், நரம்பு வலிக்கான பிரிகாபலின் போன்றவற்றைச் சேர்ப்பார். சொல்லாமல் மறைத்தால் நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடக்கூடும்.

மருத்துவர் முன்னால் அவர் சுமார் என்று சொல்வது பற்றி: பூஜ்யத்திலிருந்து பத்துவரை வலிக்கு எண் கொடுக்கச் சொன்னால் கடல் மனிதர்கள் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள். நீங்கள் ஒரு நோட்டில், நேற்று எத்தனை மணி நேரம் தொடர்ந்து தூங்கினார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார், வலையைத் தொட்டாரா, பேரனை மடியில் வைத்தாரா என்று நாள்தோறும் எழுதுங்கள். அந்த நோட்டை மருத்துவரிடம் கொடுங்கள். மருந்தின் அளவைத் தீர்மானிக்க எனக்கு எந்த எண்ணையும்விட இத்தகைய குறிப்பே உதவியிருக்கிறது.

பதில் 2: கீழக்கரை வாசகி

சகோதரி, என் வாப்பாவுக்கும் இதே நோய்தான். மூன்றரை ஆண்டுகள் எங்களோடு இருந்தார்கள். நீங்கள் எழுதியதைப் படிக்கையில் எங்கள் வீட்டு முற்றம் அப்படியே கண்முன் வந்தது. வாப்பா மறுத்ததற்குக் காரணம் வேறு: போதை தரும் பொருள் ஹராம், அதை உடலில் வைத்துக்கொண்டு தொழுகையில் எப்படி நிற்பது என்றார்கள். காக்காவும் (அண்ணன்) நானும் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அவர்கள் மதிக்கும் ஓர் ஆலிமை (மார்க்க அறிஞரை) வீட்டுக்கே அழைத்து வந்தோம். மருத்துவர் எழுதிக் கொடுத்து, நோயின் வேதனைக்காக, தேவையான அளவு எடுப்பது மருந்து என்று அவர் பொறுமையாக விளக்கினார். வாப்பா நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, இஷா தொழுகைக்குப் பிறகு மாத்திரையைத் தாருங்கள் என்றார்கள். நாங்கள் பயந்தது போல மயங்கிக் கிடக்கவில்லை. முதல் இரண்டு நாட்கள் நிறையத் தூங்கினார்கள். அது மருந்தின் மயக்கம் என்று உம்மா அழுதார்கள், ஆனால் பல மாதங்களாகத் தூங்காத உடல் தன் பாக்கியை வசூலிக்கிறது என்று செவிலியர் சொன்னது சரியாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து ஜும்ஆ தொழுதார்கள்.

ஆகவே அப்பாவின் பயம் எங்கே ஊன்றியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மருத்துவத் தகவல் சொன்னால் போதும் என்று நானும் நினைத்தேன். வாப்பாவுக்கு மருத்துவத்தில் சந்தேகமே இருக்கவில்லை. உங்கள் அப்பாவுக்குப் பெரியப்பாவின் கடைசி நாட்கள்தான் பயம் என்றால், அவர் நம்பும் ஒருவர், பங்குத் தந்தையோ உடன் தொழில் செய்தவரோ, பக்கத்தில் அமர்ந்து பேசினால் இறங்கி வரலாம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். ரமலான் வந்தபோது நோன்பு வைக்கத் துடித்தார்கள். பகல் முழுவதும் தண்ணீர் இல்லாமல் இருந்தால் சிறுநீரகம் தாங்காது, நாளுக்கு மூன்று லிட்டராவது உள்ளே போக வேண்டும் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். நாங்கள் நோன்புக்கு ஈடாக ஏழைகளுக்குக் கொடுக்கும் ஃபித்யா கொடுத்தோம். நம் கடற்கரையில் நல்ல தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கும் வீடுகளில், வீட்டுப் பெரியவர் தண்ணீரைக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் குடிப்பார். அப்பாவின் குடத்தைத் தனியாக வையுங்கள். கால் வீக்கம் இன்னும் இருந்தால் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 3: ஓய்வுபெற்ற மருந்தாளுநர், பரமக்குடி

மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும், ஊரில் உள்ள சாதாரண மருந்துக் கடையில் மார்ஃபின் பெரும்பாலும் கிடைக்காது. கடைக்காரர் உங்களைச் சந்தேகத்தோடு பார்க்கவும் கூடும். அதனால் மனம் தளர வேண்டாம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் நோக்கில் விதித்த கட்டுப்பாடுகளால், பல உரிமங்கள் வாங்கினால் தவிர மருத்துவமனைகளே மார்ஃபினை வைத்திருக்க முடியாத நிலை நாடு முழுவதும் ஏற்பட்டது. வலியில் துடித்த எத்தனையோ பேருக்கு மருந்து எட்டாமல் போன காலம் அது. கடையில் நின்று இல்லை என்று சொல்லி அனுப்பியவர்களில் நானும் ஒருவன், அது இன்றும் எனக்கு வருத்தம்தான். கேரளத்தில் வலி நிவாரண இயக்கத்தைக் கட்டியெழுப்பிய மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் இன்றியமையாத மருந்துகள் என்ற தனிப் பிரிவுக்குள் வந்தன. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் அவற்றை இருப்பு வைத்து, பதிவுசெய்த நோயாளிகளுக்கு வழங்கலாம்.

எனவே கடை கடையாக அலைவதைவிட, சிகிச்சை பெறும் மருத்துவமனையிலேயே வலி நிவாரணப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பதிவுசெய்துகொள்ளுங்கள். அடுத்த முறை அப்பாவை அலைக்கழிக்காமல் நீங்களே போய் வாங்கி வரலாமா, ஒரு முறைக்கு எத்தனை நாளுக்குத் தருவார்கள் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை தருவதும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்தால் செவிலியர் வீடு தேடி வருவார். சந்தேகம் எழுந்தால் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது நான்கு மணி நேரம் வேலை செய்வதா, 12 மணி நேரம் வேலை செய்வதா என்பதைத் தெளிவாகக் கேட்டு அட்டையின் மீதே எழுதி வையுங்கள். 12 மணி நேர மாத்திரையைப் பொடித்தோ உடைத்தோ கொடுக்கக் கூடாது. முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். வீட்டில் குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பூட்டும் பெட்டி ஒன்று வாங்குங்கள்.

பதில் 4: தொண்டியிலிருந்து ஒரு சித்தி

என் அக்கா மகனுக்கு அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்னும் இன்னொரு வகை இரத்தப் புற்றுநோய். அவன் நோய் வேறு என்றாலும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் எந்த வலிக்கும் தசையில் ஊசி போட விடாதீர்கள், உள்ளே இரத்தம் கட்டிவிடும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் கொடுத்து அடக்கிவிட்டுக் காத்திருக்காமல் உடனே அழைத்து வரச் சொன்னார்கள், ஏனென்றால் வெள்ளணு குறைந்த உடலில் காய்ச்சல் ஒன்றே கிருமித் தொற்றுக்கு அடையாளமாக இருக்கும். வலி மருந்தே காய்ச்சலை மறைத்துவிடும் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

கேள்வி கேட்டவர்: தங்கச்சிமடம் மகள்

அக்கா, லாத்தா, ஐயா, சித்தி, எல்லோருக்கும் என் நன்றி. பதில் எழுதப் பதினெட்டு நாட்கள் ஆகிவிட்டன. கீழக்கரை லாத்தா சொன்னபடி அப்பாவிடம் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று நேராகக் கேட்டேன். பெரியப்பா கடைசியில் யாரையும் அடையாளம் தெரியாமல் போனார், எனக்கும் அப்படி ஆகிவிட்டால் உன் அம்மாவின் பெயரைக்கூட மறந்துவிடுவேன் என்றார். அந்தப் பயத்தை ஓராண்டாக ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அவரோடு ஒரே படகில் இருபது ஆண்டுகள் போன மாமா, தன் மனைவி மார்பகப் புற்றுநோய்க்கு ஏழு மாதங்கள் மார்ஃபின் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே சமைத்ததையும் கடைக்குப் போய் வந்ததையும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அப்பா சரி என்றார்.

நோட்டில் எழுதியிருந்த ஒன்பது நாள் குறிப்பை மருத்துவர் முழுவதும் படித்தார். சிறுநீரகத்தைக் கருதி, வாரம் ஒருமுறை மாற்றும் புப்ரெநார்ஃபின் பட்டையை மிகக் குறைந்த அளவில் எழுதினார், மலமிளக்கியும் சேர்த்தார். பாத எரிச்சல் இருந்ததை அப்பா அன்றுதான் ஒப்புக்கொண்டார், போர்ட்டிசோமிப் அளவும் குறைக்கப்பட்டது. முதுகுக்குக் கதிர்வீச்சு கொடுக்க அடுத்த மாதம் தேதி தந்திருக்கிறார்கள். வலி முழுவதும் போகவில்லை. விடியற்காலையில் எழும்போது இன்னும் கஷ்டப்படுகிறார். ஆனால் நேற்று ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். புதன்கிழமை திண்ணையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, அடுத்த வீட்டுத் தம்பியின் வலையில் இரண்டு முழம் பொத்திக் கொடுத்தார். கண்ணி அளவு தவறிவிட்டதென்று பிரித்து மீண்டும் போட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும். இங்கே வெயிலும் உப்புக்காற்றும் தெரிந்ததுதான். வியர்வையில் பட்டையின் ஓரம் கிளம்பிவிடுகிறது. அம்மா வழக்கம்போல முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்.

பதில்: ஆதரவுச் சிகிச்சைச் செவிலி, இராமநாதபுரம்

பட்டை ஒட்டிய இடத்திலோ அதை ஒட்டியோ ஒத்தடம் வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் மருந்து வேகமாக உடலில் இறங்கும். அதே காரணத்தால் கடும் வெயிலில் உட்காருவதையும் வெந்நீர்க் குளியலையும் தவிர்க்கச் சொல்லுங்கள், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். அளவுக்கு மீறித் தூங்கினாலோ, மூச்சு மிக மெதுவானாலோ பட்டையை எடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். எடுத்த பிறகும் பல மணி நேரம் மருந்து உடலில் இருக்கும்.

ஒட்டும் இடத்தை எண்ணெயும் சோப்பும் இல்லாமல் வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, காலையில் வியர்ப்பதற்கு முன் ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முடி இருந்தால் மழிக்காமல் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். மேல்கையோ மேல்மார்போ நல்லது. ஒட்டிய இடத்திலேயே மூன்று வாரங்களுக்கு மீண்டும் ஒட்டாதீர்கள். ஓரம் கிளம்பினால் மருத்துவ நாடாவால் ஓரத்தை மட்டும் ஒட்டலாம். மாற்றும் கிழமையை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கழற்றிய பட்டையில் மருந்து இன்னும் மிஞ்சியிருக்கும், ஆகவே பசையுள்ள பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து, பேரன் கைக்கு எட்டாமல், ஐயா சொன்ன அந்தப் பெட்டியிலேயே பூட்டிவைத்து, அடுத்த முறை போகும்போது மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.